வருமானம் கூடினா பிள்ளைங்க எண்ணிக்கை குறையுமா? அளந்து பார்த்தவங்க கண்டது

கேட்டிருந்த கேள்வி இதுதான்: "வளரும் நாடுகள்ல பிறப்பு விகிதம் குறையுறதுக்கு பொருளாதாரம்தான் காரணம், வருமானம் ஏறினா தானா குறைஞ்சிடும்னு எல்லாரும் சொல்றாங்க. இதை யாராவது ஒழுங்கா அளந்திருக்காங்களா? எவ்வளவு பங்குன்னு கணக்கு இருக்கா?"

அளந்திருக்காங்க, அறுபது வருஷத்துக்கு மேல அளந்துட்டுதான் இருக்காங்க. ஆனா பொருளாதாரத்தோட பங்கு நூத்துக்கு இவ்வளவுன்னு ஒரே நம்பரை எதிர்பார்த்தீங்கன்னா கிடைக்காது. நான் பல வருஷம் சர்வே வேலையில இருந்தவன், மொதல்ல வீடு வீடா போய் ஃபாரம் நிரப்புற டீம்ல, அப்புறம் அந்த டேட்டாவை வச்சு கணக்கு போடுற இடத்துல, அதனால நம்பர் எப்படி வருதுன்னும் தெரியும் எங்க தடுமாறும்னும் தெரியும். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

மொதல்ல பங்களாதேஷையும் பாகிஸ்தானையும் எடுத்துக்கோங்க. 1971 வரைக்கும் ஒரே நாடு. ஒரு பெண் வாழ்நாள்ல சராசரியா பெத்துக்குற குழந்தைங்க எண்ணிக்கைய டிஎஃப்ஆர்னு சொல்வாங்க, அது பங்களாதேஷ்ல 1975 வாக்கில 6.3. 2011 சர்வேல 2.3. பாகிஸ்தான்ல 2017-18 சர்வேல கூட 3.6. இத்தனைக்கும் இந்த காலத்துல பெரும்பகுதி பாகிஸ்தானோட தலா வருமானம்தான் அதிகம். அப்போ வருமானத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையான்னு கேட்டா, இந்தியாவோட 2019-21 தேசிய குடும்ப நல சர்வேய திறந்து பாருங்க, ரொம்ப ஏழையான அஞ்சுல ஒரு பங்கு குடும்பங்கள்ல 2.6, ரொம்ப வசதியான அஞ்சுல ஒரு பங்குல 1.6. முழுசா ஒரு குழந்தை வித்தியாசம். ரெண்டும் உண்மைதான். நாட்டையும் நாட்டையும் வச்சு பார்த்தா ஒரு மாதிரி தெரியுது, ஒரே நாட்டுக்குள்ள வீட்டையும் வீட்டையும் வச்சு பார்த்தா வேற மாதிரி தெரியுது.

ஏன் இப்படின்னா "வருமானம்"ங்குறது ஒரே சாமான் கிடையாது. கேரி பெக்கர் 1960ல எழுதின கட்டுரையிலேர்ந்து பொருளாதார நிபுணர்கள் இத பிரிச்சு பார்க்க ஆரம்பிச்சாங்க. அப்பாவோட சம்பளம் ஏறுனா இன்னொரு குழந்தைய வளர்க்க கையில காசு இருக்கு, அது எண்ணிக்கைய கூட்டணும். ஆனா அதே காசு வந்தா ஒரு குழந்தைக்கு செய்யுற செலவும் கூடும், கான்வென்ட்ல சேர்க்கணும் டியூஷன் வைக்கணும்னு தோணும், அது எண்ணிக்கைய குறைக்கும். அம்மாவோட கூலி ஏறுனா கதையே வேற, பிள்ளைய பார்த்துக்க வீட்ல இருக்குற ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம், குழந்தையோட விலை ஏறுது. பிள்ளைங்களுக்கே கூலி கிடைக்குற ஊர்னா, மாடு மேய்க்க பருத்தி எடுக்க சின்ன கைக்கு வேலை இருக்குற ஊர்னா, குழந்தையோட விலை இறங்குது. ரோசன்ஸ்வைக், எவன்சன்னு ரெண்டு பேர் இந்திய கிராமப்புற மாவட்டங்களோட டேட்டாவை வச்சு 1977ல இதத்தான் காட்டுனாங்க, பிள்ளைங்க கூலி அதிகமா இருக்குற இடத்துல பிறப்பும் அதிகம், பள்ளிக்கூடம் போறதும் கம்மி. இந்த நாலு விசையும் ஒரே வீட்டுக்குள்ள எதிர் எதிர் பக்கம் இழுக்குது. எல்லாத்தையும் கூட்டி "வருமானம்"னு ஒரு பேர் வச்சு ஒரு கிராஃப் போட்டா, எது எதை இழுத்துச்சுன்னு எப்படி தெரியும்? அதனால உருப்படியான அளவுன்னா, ஒரு குறிப்பிட்ட ஊர்ல ஒரு பொண்ணுக்கு ஒரு குழந்தையால என்ன செலவு என்ன வரவுன்னு பார்த்து, அது அவ குடும்பத்துக்கு சம்பந்தமில்லாத வெளிக் காரணத்தால மாறும்போது அவ என்ன பண்றான்னு கவனிக்கிறதுதான். நல்ல ஆராய்ச்சின்னு நான் நினைக்கிறது எல்லாமே இந்த வகைதான்.

அதுக்கு போறதுக்கு முன்னாடி டேட்டா எப்படி வருதுன்னு சொல்லிடறேன், ஏன்னா பாதி பிரச்சனை அங்கதான்.

பிறப்ப எண்ணுறது சுலபம்னு தோணும். சர்வேல ஒவ்வொரு பொண்ணுகிட்டயும் இதுவரை பெத்த எல்லா குழந்தையையும், இறந்துபோனதையும் சேர்த்து, வரிசையா கேட்கணும், பிறந்த மாசம் வருஷத்தோட. தர்மபுரி பக்கம் ஒரு கிராமத்துல நான் கூட இருந்து பார்த்தது ஞாபகம் இருக்கு. அந்தம்மாவுக்கு நாப்பது வயசுக்கு மேல, திண்ணையில உக்காந்து புளி உடைச்சுட்டே பதில் சொன்னாங்க. மூத்தவன் எப்ப பிறந்தான்னு கேட்டதுக்கு "மாரியம்மன் பண்டிகை முடிஞ்சு, மழை பேஞ்சு கொள்ளு விதைச்ச வருஷம்"னாங்க. எங்க டீம்ல இருந்த பொண்ணு ஒவ்வொண்ணா பிடிச்சா, அக்கா அந்த வருஷம் எம்ஜிஆர் இருந்தாரா இல்லையா, உங்க கொழுந்தனாருக்கு கல்யாணம் ஆயிடுச்சா, ரெண்டாவது புள்ள அப்ப நடந்துச்சா தவழ்ந்துச்சான்னு கேட்டு கேட்டு வருஷத்த பிடிச்சா. நாலு குழந்தைன்னு எழுதி முடிச்சு எந்திரிக்கும்போது அந்தம்மா, "மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல ஒண்ணு, பேரு வைக்கறதுக்குள்ள போயிடுச்சு, அதையும் எழுதணுமா"ன்னு மெதுவா கேட்டாங்க. அந்த ஒரு வரி விட்டுப்போனா டேபிள்ல பிறப்பும் குறையும், குழந்தை இறப்பும் குறையும். புளி உடைக்குற கை மட்டும் நிக்கல.

இன்னொண்ணு, அஞ்சு வயசுக்கு கீழ குழந்தை இருந்தா தடுப்பூசி, தாய்ப்பால், வயித்துப்போக்குன்னு பக்கம் பக்கமா கூடுதல் கேள்வி இருக்கும். வெயில்ல களைச்சுப்போன சர்வேயர் குழந்தையோட பிறந்த வருஷத்த ஒரு வருஷம் பின்னால தள்ளி எழுதிட்டா அந்த பக்கங்களெல்லாம் மிச்சம். உலகம் பூரா இந்த சர்வேக்கள்ல இது நடக்குது, டேட்டால அஞ்சு வருஷ எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளமும் அந்தப் பக்கம் ஒரு மேடுமா தெரியும், விகிதம் நிஜத்தைவிட வேகமா இறங்குன மாதிரி காட்டும்.

பொருளாதாரத்த அளக்கறது இன்னும் சிக்கல். நூத்துக்கணக்கான ஆராய்ச்சிக்கு அடிப்படையா இருக்குற டிஎச்எஸ் (பல வளரும் நாடுகள்ல ஒரே அச்சுல எடுத்த மக்கள்தொகை, சுகாதார சர்வே) வகை சர்வேக்கள்ல, நம்ம தேசிய குடும்ப நல சர்வேயும் அதே அச்சுதான், வருமானம் எவ்வளவுன்னு கேள்வியே கிடையாது. விவசாயக் குடும்பத்துகிட்ட மாச வருமானம் கேட்டா என்ன சொல்வாங்க? அதனால வீட்ல என்ன சாமான் இருக்கு, தரை சிமென்ட்டா மண்ணா, கக்கூஸ் இருக்கா, ஃபேன் டிவி இருக்கான்னு எழுதிட்டு வந்து அதுலேர்ந்து ஒரு சொத்து மதிப்பெண் போடுறாங்க. புத்திசாலித்தனமான வழிதான், ஆனா நம்ம ஊரையே பாருங்க, 2006க்கு அப்புறம் அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி குடுத்துச்சு, 2011க்கு அப்புறம் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். டிவியும் ஃபேனும் அந்த சர்வே பட்டியல்ல இருக்குற சாமான். கூலிக்காரர் வீட்டுக்கு ஃபேன் வந்ததுக்கு காரணம் ரேஷன் கார்டு, வருமானம் இல்லையே. பீகார் வீட்டையும் தமிழ்நாட்டு வீட்டையும் அந்த மதிப்பெண்ல ஒப்பிடறப்ப இத மனசுல வச்சுக்கணும்.

இன்னும் மோசம் காலக்கணக்கு. சாமான் இன்னைக்கு எண்ணுனது, குழந்தை பிறந்தது மூணு வருஷத்துக்கு முன்னாடி, சில ஆராய்ச்சில பத்து பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. ரெண்டு பிள்ளையோட நிறுத்தினதால மிச்சமான காசுல வாங்குன ஃபிரிட்ஜா, ஃபிரிட்ஜ் வாங்குற அளவு வசதி இருந்ததால ரெண்டோட நிறுத்தினாங்களா? தலா வருமானம்னு வச்சாலும் இதே கதைதான், வீட்டு வருமானத்த தலைக்கணக்கால வகுக்குறோம், தலைன்னு எண்ணுறதுல அந்த குழந்தைங்களும் இருக்கு, ஆறு பிள்ளை உள்ள வீடு கணக்குலயே ஏழையாயிடும். "ஏழைங்க அதிகமா பெத்துக்குறாங்க"ன்னு சொல்ற எத்தனையோ டேபிள் இந்த வகுத்தல் கணக்காலயே பாதி உருவானது, இத ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எனக்கு கோபம் வரும், ஏன்னா அந்த டேபிள வச்சுட்டுதான் ஏழைங்கள திட்டுறாங்க.

சரி, நல்லா அளந்தது எதுன்னு வருவோம். எனக்கு ரொம்ப பிடிச்சது மீட் கெய்ன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970கள்ல பங்களாதேஷ்ல சார் கோபால்பூர்னு மைமன்சிங் மாவட்டத்து கிராமத்துல பண்ணது. மாடல் எதுவும் இல்லாம, பிள்ளைங்க ஒரு நாள்ல எத்தனை மணி நேரம் என்ன வேலை பண்றாங்கன்னு திரும்பத் திரும்ப போய் எழுதுனாங்க. மாடு பார்க்குறது, மீன் பிடிக்கிறது, சுள்ளி பொறுக்குறது, நெல் குத்துறது, தம்பிய தூக்கி வச்சுக்குறது எல்லாம் கணக்குல வந்துச்சு. அதுலேர்ந்து வந்த கணக்கு இது: பையன் 12 வயசுக்குள்ள தான் சாப்பிடறதைவிட அதிகமா உழைச்சு குடுக்க ஆரம்பிச்சிடறான், 15 வயசுல அதுவரை தின்ன மொத்தத்தையும் திருப்பிக் குடுத்துடறான், 22 வயசுல தனக்கும் ஒரு தங்கச்சிக்கும் ஆன செலவையும் அடைச்சிடறான். படிக்காத ஜனங்க கணக்கு தெரியாம பெத்துக்குறாங்கன்னு பேசிட்டு இருந்த காலத்துல, அந்த கிராமத்து ஆளுங்க போட்ட கணக்கு சரியாத்தான் இருக்குன்னு காட்டுன ஆராய்ச்சி.

கெய்ன் அதோட நிக்கல. அந்த ஊர்ல புருஷன் செத்துட்டா, வளர்ந்த பையன் இல்லாத பொண்ணு கையில இருக்குற நிலம் நிக்காது, சொந்தக்காரங்களே எடுத்துக்குவாங்க, இல்ல கஷ்டத்துக்கு விக்க வேண்டி வரும். வெளிய போய் கூலி வேலை பார்க்கறதுக்கும் பொண்ணுங்களுக்கு ஊர் வழக்கம் இடம் குடுக்காது. அப்ப பையன்ங்கறது இன்சூரன்ஸ். ஒண்ணு செத்துப்போகலாம்னு ரெண்டு பையன் வேணும், ரெண்டு பையன் வரணும்னா நடுவுல பொண்ணுங்களும் பிறக்கும். அவரே பின்னால மகாராஷ்டிரா, ஆந்திரா கிராமங்களோட ஒப்பிட்டு பார்த்தார், அங்க வறட்சி வந்தா அரசாங்க நிவாரண வேலை இருந்துச்சு, பொண்ணுங்களும் போய் மண்ணு சுமந்து கூலி வாங்கலாம், நிலத்த விக்காம தாக்குப்பிடிக்கலாம். வருமானம் ரெண்டு இடத்துலயும் கம்மிதான், ஆனா ஆபத்து வந்தா யாரு தாங்குவாங்கங்கறதுல பெரிய வித்தியாசம். ஒரு சொத்து மதிப்பெண்ல இதெல்லாம் வராது.

பங்களாதேஷ்லயே மத்லாப்னு இன்னொரு இடம், டாக்காவுக்கு தென்கிழக்க, ஆறும் வாய்க்காலுமா இருக்குற ஊர். காலரா ஆராய்ச்சிக்காக போனவங்க 1966லேர்ந்து அங்க பிறப்பு, இறப்பு, குடிபெயர்றது எல்லாத்தையும் விடாம பதிவு பண்றாங்க. வளரும் நாடுகள்ல இவ்வளவு நாள் இவ்வளவு சுத்தமா இருக்குற பதிவு ரொம்ப அபூர்வம். 1974ல பஞ்சம் வந்துச்சு, அரிசி விலை கன்னாபின்னான்னு ஏறுச்சு, 1975ல அந்த பதிவுல பிறப்பு சடார்னு விழுந்துச்சு, அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துல திரும்ப ஏறிடுச்சு. அரிசி விலைய ஒரு பக்கமும் பிறப்ப ஒரு பக்கமும் வச்சு பார்த்தா பொருளாதாரம் பிறப்ப குறைச்சிடுச்சுன்னு அழகா ஒரு கோடு வரும். ஆனா அங்க யாரும் சின்ன குடும்பம் வேணும்னு முடிவு பண்ணல. சாப்பாடு இல்லாம மாதவிடாய் நின்னுபோச்சு, புருஷங்க பிழைப்பு தேடி வெளியூர் போயிட்டாங்க, கல்யாணங்கள் தள்ளிப்போச்சு. அதனால பொருளாதாரம் எந்த வாசல் வழியா உள்ள வந்துச்சுன்னு பார்க்கணும். கல்யாண வயசா, கருத்தடையா, கருக்கலைப்பா, தாய்ப்பால் குடுக்குற காலமா? ஜான் பொங்கார்ட்ஸ் 1978ல இந்த நாலையும் தனித்தனியா பிரிச்சு அளக்க ஒரு வழி குடுத்தார், அது இல்லாம பேசறது கண்ண கட்டிட்டு பேசற மாதிரி.

அதே மத்லாப்ல 1977ல ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க. பாதி கிராமங்களுக்கு பெண் பணியாளர்கள் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே போய் மாத்திரை, ஊசி, காண்டம்னு குடுத்தாங்க, மீதி கிராமங்களுக்கு வழக்கமான அரசாங்க சேவை மட்டும். வருமானம், நிலம், பள்ளிக்கூடம் எல்லாம் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணு, கருத்தடை கிடைக்கிறதுக்கான செலவும் அலைச்சலும் மட்டும் மாறுது. ஜோஷி, ஷுல்ட்ஸ்னு ரெண்டு பேர் 141 கிராமங்களோட 1974லேர்ந்து 1996 வரைக்குமான டேட்டாவை வச்சு பார்த்ததுல, சேவை போன கிராமங்கள்ல பிறப்பு சுமார் 15 சதவீதம் கூடுதலா குறைஞ்சிருந்துச்சு, அம்மாக்களோட உடல்நிலையும் தேறியிருந்துச்சு. ஆனா கவனிங்க, சேவை போகாத பக்கமும் இந்த காலத்துல பெரிய அளவுல இறங்கிடுச்சு. வீட்டு வாசலுக்கே மாத்திரை போனதால வந்தது அந்த 15 சதவீத இடைவெளி. ரெண்டு பக்கமும் சேர்ந்து இறங்குனதுக்கு வேற காரணங்கள் இருக்கு, குழந்தை இறப்பு குறைஞ்சது, நிலம் துண்டு துண்டா ஆனது, படிப்பு, நாடு முழுக்க நடந்த குடும்ப நல பிரச்சாரம்னு.

இந்தோனேஷியாவுலயும் இத பிரிச்சு பார்த்தாங்க. 1982லேர்ந்து 1987க்குள்ள வந்த இறக்கத்துல முக்கால் பங்கு கருத்தடை பயன்பாடு கூடினதால வந்ததுன்னு கெர்ட்லர், மாலினோ கணக்கு போட்டாங்க. இத மட்டும் படிச்சா திட்டத்தோட வெற்றின்னு தோணும். ஆனா கருத்தடைய பயன்படுத்த ஏன் ஆசைப்பட்டாங்கன்னு அடுத்த படி போனா, பெண்கள் படிப்பும் கூலி மாற்றமும்தான் பெரும்பகுதி, அந்த அஞ்சு வருஷத்துல திட்டத்துல கூட்டின வசதிகளோட பங்கு 4லேர்ந்து 8 சதவீதம்தான். சேவை ஏற்கனவே ஊர் ஊரா போயிருந்ததால விருப்பம் வந்தவங்களுக்கு கைக்கு எட்டுச்சு, அதையும் சேர்த்துதான் இத படிக்கணும்.

அம்மாவோட கூலிங்கற விசையத்தான் அளக்க ரொம்ப கஷ்டம். சம்பளம் வாங்குற பொண்ணுகிட்ட மட்டும்தான் சம்பளம் எவ்வளவுன்னு தெரியும், வீட்ல இருக்கறவளுக்கு வெளிய என்ன கிடைச்சிருக்கும்னு யாருக்கு தெரியும்? வேலைக்கு போறதால குழந்தை கம்மியா, குழந்தை கம்மியா இருக்கறதால வேலைக்கு போறாளான்னும் தெரியாது. ராபர்ட் ஜென்சன் இத நேரா ஒரு சோதனையா பண்ணார். டெல்லிய சுத்தி 160 கிராமங்கள், அதுல குலுக்கல் மாதிரி 80 கிராமத்துக்கு மட்டும் மூணு வருஷம் கால் சென்டர் மாதிரி வேலைகளுக்கு ஆள் எடுக்கறவங்கள அனுப்பினார், இப்படி வேலை இருக்கு, இன்டர்வியூ இப்படி இருக்கும்னு பொண்ணுங்களுக்கு சொல்ல. யாருக்கும் காசு குடுக்கல. மூணு வருஷம் கழிச்சு அந்த கிராமங்கள்ல 15லேர்ந்து 21 வயசு பொண்ணுங்க கல்யாணமோ குழந்தையோ ஆகியிருக்குற வாய்ப்பு 5லேர்ந்து 6 சதவீதப் புள்ளி கம்மி. ஒரு வேலை இருக்குன்னு தெரிஞ்சதே போதுமா இருந்துச்சு, இதுக்கு மேல சுத்தமான ஆதாரம் எனக்கு தெரிஞ்சு இந்த விஷயத்துல கம்மிதான். பங்களாதேஷ்ல ரெடிமேட் துணி ஃபேக்டரிகளுக்கு பக்கத்துல இருக்குற கிராமங்களையும் தூரமா இருக்குற கிராமங்களையும் ஹீத், முபாரக் ஒப்பிட்டதுலயும் இதே திசைதான், ஃபேக்டரி எட்டுற தூரத்துல வளர்ந்த பொண்ணுங்களுக்கு கல்யாணமும் முதல் குழந்தையும் தள்ளிப்போகுது. தையல் மெஷின்ல உக்கார கொஞ்சம் எழுத படிக்க கணக்கு தெரிஞ்சா சம்பளம் கூடுதல், அதனால சின்னப் பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துல வச்சிருக்கவும் வீட்ல ஒரு காரணம் வந்துச்சுன்னு அதே ஆராய்ச்சி சொல்லுது.

படிப்ப அளக்கவும் இப்படி ஒரு வெளிக் காரணம் வேணும். நைஜீரியால 1976ல எல்லாருக்கும் ஆரம்பக் கல்வின்னு திட்டம் வந்துச்சு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் வந்த பணம் வேற வேற, வயசு தாண்டினவங்களுக்கு பலன் இல்ல. இந்த வித்தியாசத்த வச்சு ஒசிலி, லாங் கணக்கு போட்டப்ப, ஒரு வருஷம் கூடுதலா படிச்சா 25 வயசுக்குள்ள பெத்துக்குற குழந்தைங்க 0.26 குறையுதுன்னு வந்துச்சு. பார்க்க சின்ன நம்பர். நாலு வருஷம் கூடப் படிச்சா ஒரு குழந்தை.

ஆனா நம்ம நாட்டு கதை படிப்போட மட்டும் முடியல. டிரீஸ், மம்தா மூர்த்தி ரெண்டு பேரும் 1981, 1991 சென்சஸ் மாவட்ட டேட்டாவை வச்சு, ஒரே மாவட்டம் பத்து வருஷத்துல எப்படி மாறுச்சுன்னு பார்த்தாங்க, பெண் கல்விதான் பெரிய காரணமா நின்னுச்சு, வறுமை அளவு, நகரமயமாக்கல் எல்லாம் பெருசா நிக்கல. அதுக்கப்புறம் மாரி பட் வேற பக்கமா பார்த்து, இந்தியால வந்த இறக்கத்துல பெரும்பங்கு எழுதப் படிக்க தெரியாத பெண்கள்கிட்டயே நடந்திருக்குன்னு காட்டுனார். முரண்பாடு மாதிரி தோணும், ஆனா ஊர்ல பார்த்தவங்களுக்கு புரியும். பக்கத்து வீட்டு பத்தாவது படிச்ச பொண்ணு ரெண்டோட ஆபரேஷன் பண்ணிக்கிட்டா, அந்த ரெண்டும் ஷூ போட்டு வேன்ல போகுது, படிக்காத அம்மா திண்ணையிலேர்ந்து பார்த்துட்டு இருக்கா. அவ பிள்ளையையும் படிக்க வைக்கணும்னு ஆசை வந்த நிமிஷம் அவளுக்கும் குழந்தையோட விலை ஏறிடுச்சு. தனித்தனி பொண்ணோட படிப்பையும் அவ பிள்ளைங்க எண்ணிக்கையையும் மட்டும் வச்சு கணக்கு போட்டா இந்த பரவல் கண்ணுலயே படாது, படிப்போட பலன் நிஜத்தைவிட கம்மியா தெரியும். தமிழ்நாட்டு டிஎஃப்ஆர் 1992-93லயே 2.5க்கு வந்துடுச்சு, அப்ப நாம ஒண்ணும் பணக்கார மாநிலம் கிடையாது. 2019-21ல நாம 1.8, பீகார் 3.0. அந்த இடைவெளிய வெறும் வருமானத்தால விளக்கறவங்க நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தையும், கிராம நர்ஸையும், சத்துணவையும், டவுன் பஸ்ஸையும் கணக்குலேர்ந்து விட்டுடறாங்க.

அளவு (எண்ணிக்கை), தரம்னு ஒரு வாதம் இருக்கே, பிள்ளைங்க கம்மியானா படிப்பு கூடுமான்னு, அத சோதிக்க ரோசன்ஸ்வைக், வோல்பின் 1980ல இரட்டைக் குழந்தைங்கள பிடிச்சாங்க. இரட்டை யாரும் திட்டம் போட்டு பெத்துக்கறதில்ல, அது இயற்கையா நடக்குற குலுக்கல், திடீர்னு ஒரு பிள்ளை கூடிடுச்சுன்னா மத்த பிள்ளைங்க படிப்பு என்ன ஆகுதுன்னு பார்க்கலாம். இந்தியக் கிராம டேட்டால படிப்பு குறைஞ்சதா வந்துச்சு. அழகான யோசனை, ரொம்ப நாள் எல்லாரும் இத பின்பற்றுனாங்க. அப்புறம் பலோத்ரா, கிளார்க் எழுபதுக்கு மேல நாடுகளோட டேட்டாவை வச்சு, ஆரோக்கியமா நல்லா சாப்பிடற அம்மாக்களுக்குத்தான் இரட்டைக் கர்ப்பம் முழுசா தங்குற வாய்ப்பு அதிகம்னு காட்டிட்டாங்க. அப்ப அது முழுக் குலுக்கல் இல்ல, இரட்டை பிறந்த வீடு ஏற்கனவே கொஞ்சம் வசதியான வீடு. பழைய முடிவுகளையெல்லாம் திரும்ப பார்க்க வேண்டியதாச்சு.

கையில நேரா காசு குடுத்தா ஏழைங்க அதிகமா பெத்துக்குவாங்கன்னு ஒரு பயம் எப்பவும் உண்டு. லத்தீன் அமெரிக்காவுல மூணு நாட்டு திட்டங்கள ஒப்பிட்டாங்க. மெக்சிகோ, நிகரகுவால பிறப்புல மாற்றம் இல்ல, ஹோண்டுராஸ்ல மட்டும் 2லேர்ந்து 4 சதவீதப் புள்ளி ஏறிருக்கலாம்னு வந்துச்சு. ஏன்னு பார்த்தா ஹோண்டுராஸ் விதியில திட்டத்துல சேர்ந்த பிறகு இன்னொரு குழந்தை பிறந்தா தொகை கூடும், மத்த ரெண்டுலயும் அப்படி இல்ல. விதிய எழுதுனவங்க செஞ்ச காரியம் அது. ஏழைங்க புத்திய பத்தி அதுலேர்ந்து ஒண்ணும் சொல்ல முடியாது.

வீடுங்கறது ஒரே ஆள் கிடையாதுன்னும் மறக்கக் கூடாது. ஜாம்பியாவோட தலைநகர் லுசாகால கல்யாணமான பெண்களுக்கு கருத்தடை வவுச்சர் குடுத்தாங்க, சிலருக்கு தனியா, சிலருக்கு புருஷன் எதிர்ல. தனியா வாங்குனவங்களோட ஒப்பிட்டா, புருஷன் எதிர்ல வாங்குனவங்ககிட்ட பிறப்பு நாலுல ஒரு பங்குக்கு மேல அதிகம். ரெண்டு குரூப்புக்கும் வருமானம் ஒண்ணு, வவுச்சர் ஒண்ணு, புருஷனுக்கு தெரியுமா தெரியாதாங்கறது மட்டும்தான் வேற. "குடும்பத்தோட விருப்பம்"னு கேள்வித்தாள்ல ஒரே கட்டம் வச்சு நிரப்புறப்ப இது எங்க போய் உக்காரும்?

கடைசியா கெய்ன் எழுப்புன கேள்விக்கே வர்றேன், ஏன்னா அதுதான் இன்னும் சரியா அளக்கப்படாம கிடக்கு. வயசான காலத்துல யாரு சோறு போடுவா? பிரேசில்ல 1991ல கிராமப்புற முதியவர்களுக்கு பென்ஷன விரிவாக்குனாங்க, அத வச்சு பார்த்த ஆராய்ச்சில, வயசான காலத்துக்கு அரசாங்கத்துலேர்ந்து பணம் வரும்னு உறுதியானப்புறம் அந்த குடும்பங்கள்ல பிறப்பு குறைஞ்சது தெரிஞ்சுது. பிள்ளைங்கதான் பென்ஷன்னு சொல்ற பழைய வாதத்துக்கு இது நேரான ஆதாரம். ஆனா நான் ஊர் ஊரா தூக்கிட்டு அலைஞ்ச கேள்வித்தாள்கள்ல தரை என்ன, கூரை என்ன, கக்கூஸ் தனியா பொதுவா, ஆடு எத்தனை கோழி எத்தனைன்னு எல்லாம் கட்டம் இருந்துச்சு, உங்களுக்கு முடியாத காலத்துல யார நம்பி இருக்கீங்கன்னு கேட்க ஒரு கட்டம் இல்ல. தர்மபுரில அந்தம்மாகிட்ட நாலு பிள்ளை எதுக்குன்னு நாங்க கேட்கல. ஃபாரத்துல கையெழுத்துக்கு பதிலா கைநாட்டு வாங்கிட்டு கிளம்பறப்ப, அவங்களாவே சொன்னாங்க, "மூணு பேரு திருப்பூர்ல இருக்கானுங்க, கடைசி பொண்ணுதான் சாமி பக்கத்து ஊரு, அவதான் மாத்திரை வாங்கியாந்து குடுக்கறா."